இடதுபக்க இருக்கை

அந்த மேலாளரை இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எட்டு வருடம் ஒரே விமான நிறுவனத்தில் கோ-பைலட்டாக இருந்தேன். கேப்டன் ஆகும் வரிசையில் எனக்கு முன்னால் நான்கே பேர். இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் கேப்டனின் இடதுபக்க இருக்கை எனக்குத்தான். அப்போது வேறு நிறுவனம் கூப்பிட்டது, ஒன்றரை மடங்கு சம்பளத்துக்கு. நேர்காணலில் "எந்த ஊர்?" என்றார் அந்த நிறுவனத்தின் மேலாளர். பழவேற்காடு என்றேன். "டச்சுக்காரன் கல்லறை இருக்கிற ஊரா?" என்று சிரித்தார். கல்லறையில் நாங்கள் குடியிருக்கவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. வேலை வேண்டுமே, விழுங்கிக்கொண்டேன்.

நிறுவனம் மாறினால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். அதைக் கேட்டேன். "ஒரே வருஷத்துல கேப்டன் ஆக்கிடறோம்" என்றார், மூன்று அதிகாரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை எங்கள் குப்பத்தில் பாடு என்போம். ஊர்க்கூட்டத்தில் சீட்டெடுத்து வாயால் சொல்வதோடு சரி. எழுதித் தரச் சொன்னால் சொன்னவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் புத்தியோடு போய் கையெழுத்துப் போட்டேன், முட்டாள்.

கல்யாணமான ஆணுக்கு ஒரு பாடு. என்னுடையதையும் சேர்த்து அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலை மாறிய வாரமே கூட்டத்தில் எழுந்து நின்றார். "எம்புள்ள கேப்டன் ஆவப் போறான். அவன் பாடு எங்களுக்கு வாணாம்" என்று சொல்லி, பாடு இல்லாத ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தார்.

இரண்டு வருடம் போயிற்று. வெளியிலிருந்து கேப்டன்களைக் கொண்டுவந்து என் தலையில் உட்காரவைத்தார்கள். போய்க் கேட்டேன். "யார் சொன்னது?" என்றார் மேலாளர். அந்த மூன்று பேரில் ஒருவர் கைபேசியைத் தடவினார், மற்ற இருவரும் கணினியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பழைய நிறுவனத்தில் எனக்குப் பின்னால் இருந்தவன்கூட அதற்குள் கேப்டன் ஆகிவிட்டான். பறக்கும் மணி நேரத்தைக் குறைத்தார்கள், சம்பளம் பழைய அளவுக்கும் கீழே இறங்கியது.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "பாட்டைத் திருப்பிக் கேளு நைனா. கேட்டா குடுப்பாங்க."

"நாலு பேரு முன்னாடி சொல்லிட்டேன்டா."

"அவனும்தான் மூணு பேரு முன்னாடி சொன்னான்! இன்னா ஆச்சு? நான் கேப்டன் ஆவேன்னு சொன்னதே பொய்யாப் போச்சு, இன்னும் இன்னா வாக்கு?"

அவர் வலையிலிருந்து பாசியை உருவிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"கேப்டன் ஆவேன்னது நீ சொன்னது. பாடு வாணாம்னது நான் சொன்னது."

ஊரே கேட்கக் கத்தினேன். மேலாளரிடம் கத்த வேண்டியதையெல்லாம் அவரிடம் கத்தினேன். அந்த மேலாளரை வெறுக்க எனக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. அப்பாவை வெறுக்க ஒன்றுகூட இல்லை, அந்த ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.