அடைகாத்த அப்பன்

அந்தமானில் சிப்பிகாட் பண்ணையில் நான் ஸ்டோர் கீப்பர். ஸ்டோரை ஒட்டியே குவார்ட்டர்ஸ். பிரசவத்துக்கு மதுரை போன மனைவி, பெண் குழந்தை பிறந்து ஏழு மாதமாகியும் திரும்பவில்லை. பண்ணைக்குப் பக்கத்துப் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. "நான் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? பதில் போடுங்கள்" என்று எழுதியிருந்தாள். வேலையை விட்டுவிடு என்று எழுத மனம் வரவில்லை. வேறு பதிலும் தெரியவில்லை. இரண்டு கப்பல் போய்விட்டது, என் கடிதம் போகவில்லை.

அப்போது பண்ணைப் புல்வெளியில் ஒரு காடை கூடு கட்டியிருந்தது. கைக்குள் அடங்கும் பறவை. புல்லை வளைத்து மூடிய பள்ளத்தில் நாலு முட்டை. புல் அறுக்க வந்த ராஞ்சித் தொழிலாளி அந்த இடத்தை மட்டும் அறுக்காமல் விட்டிருந்தார். ஒருநாள் மழை வலுத்தது. பெற்றவள் நனைகிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கூட்டின் மேல் கூரை போட்டேன். தகரத்தில் மழை விழுந்த சத்தம் ஊரையே எழுப்பியது. காடை எடுத்த ஓட்டம், கிட்டே வரவேயில்லை.

தொழிலாளி ஓடி வந்து தகரத்தைத் தூக்கி எறிந்தார். "க்யா பாபு, முட்டை கெட்டுப்போகும்!"

"அம்மா நனையுதேன்னு போட்டேன்."

அவருக்கு ஒரே சிரிப்பு. "மா நஹீ பாபு, பாப் ஹை!"

அப்பனாம்! தூரத்தில் 'ஹூம், ஹூம்' என்று முனகுவதுதான் பெட்டையாம். முட்டையிட்டதோடு அவள் கடமை முடிந்தது. இந்த ஜாதிக் காடையில் அடைகாப்பதும் வளர்ப்பதும் இவன் பாடு.

கொஞ்ச நேரத்தில் காடை திரும்பி வந்து உட்கார்ந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. ஒரு வாரத்தில் குஞ்சு பொரித்தது. அப்பன் தன் பாட்டுக்கு இரை பொறுக்கிக்கொண்டே நடந்தது. கிடைத்த பூச்சியை அலகில் நீட்டியது. நாலும் அதன் காலைச் சுற்றியே ஓடின. கூரையும் சம்பளமும் இருந்தும் ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. வெட்கமாக இருந்தது.

அன்றே எழுதினேன்: "வேலையை விடாதே. ஸ்டோரிலேயே தொட்டில் கட்டுகிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன்."

அடுத்த கப்பலில் வந்துவிட்டாள். துறைமுக ஜெட்டியில் இறங்கியதும் குழந்தையை என் கையில் கொடுத்தாள். அப்பனை முதன்முதலாகப் பார்த்த குழந்தை வீரிட்டு அழுதது. திருப்பி வாங்கிக்கொள்வாள் என்று குழந்தையை நீட்டினேன்.

"ரெண்டு பேருக்கும் பழகிரும்," என்றாள். "பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்ங்க?"