குப்புறப் படுத்த பிள்ளையும் ஹாரன் அக்காவும்

எங்கள் தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி வீட்டு நர்ஸ் அக்கா தொட்டால், மூச்சு நின்ற பிள்ளைகூட வீறிட்டு அழுமாம். ஏதோ மந்திரத்தை முணுமுணுத்தபடி பிள்ளையைக் குப்புறப் போடுவாராம், நீலம் போய்ச் சிவப்பு வந்துவிடுமாம். கிளப்பிவிட்டவள் டயர்க்கடைக்காரரின் மச்சினி. அவள் காதில் நுழைந்த எறும்பு, வாய் வழியாக வரும்போது யானையாகிவிடும். நான் டயர்க்கடைக்காரரையும் அக்காவையும் தனித்தனியாகக் குடைந்து கேட்டுவிட்டேன். நடந்தது இதுதான்.

அக்காவுக்குக் குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை. தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் ஹாரன். முக்கில் நின்று கூப்பிட்டால் போகிற பஸ் நிற்கும். ஆனால் வார்டுக்குள் கால் வைத்தால் கொசுக் குரல்தான். சத்தத்துக்கு அந்தப் பிள்ளைகள் திடுக்கிட்டுப்போகும், மூச்சு தடுமாறும். "என்னையும் ஒரு குறைமாசப் புள்ளைன்னு நெனச்சுப் பேசேன்" என்று அக்கா வீட்டுக்காரர் கெஞ்சாத நாள் இல்லை.

டயர்க்கடைக்காரருக்கு முதல் பிள்ளை அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் மெஷின் பக்கத்தில். காலமெல்லாம் டயரில் காற்று பிடித்த மனுஷனுக்கு மீட்டர் முள்ளைப் பார்த்துத்தான் பழக்கம். மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, எண்பத்தாறுதான் காட்டுது. நூறு வைங்க."

"நூறா? இது என்ன லாரி டயரா?"

"காத்து கொறைஞ்சா ஏத்தணும்ல?"

"ஆக்சிஜன ஏத்திக்கிட்டே போனா புள்ளைக்குக் கண்ணு கெட்டுடும்பா. தொண்ணூறைத் தாண்டிக் கொஞ்சம் நின்னா போதும்."

அக்கா கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்றே அவர் நினைத்தார். அப்போது டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "குப்புறப் போட்டுப் பாக்கலாம்" என்றார். இன்னொரு நர்ஸ் குழாயைப் பிடித்துக்கொள்ள, அக்கா பிள்ளையின் நெஞ்சுக்கடியில் ஒரு கை, தலைக்கு ஒரு கை கொடுத்து, மெதுவாகத் திருப்பினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சுற்றிலும் துணியைச் சுருட்டி அணை கட்டினார். வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மச்சினிக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

தகப்பனுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, புள்ள நசுங்கிடும்க்கா!"

"நசுங்காது. இவன் நெஞ்சுக்கூடு இன்னும் கெட்டிப்படல. மல்லாக்கக் கெடந்தா மூச்சு இழுக்கறப்ப உள்ள குழியுது பாரு. குப்புறப் போட்டா மெத்தை தாங்கிக்கும், முதுகுப் பக்கம் நுரையீரல் நல்லா விரியும்."

எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. அங்கேயே நின்றது. டயர்க்கடைக்காரர் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

பிள்ளை தேறினான், குழாயும் போயிற்று. வீட்டுக்குப் போகிற பேச்சு வந்ததும் அக்கா அவனை மல்லாக்கப் போட்டார். எண் இறங்கியது.

"நல்லா ஓடற வண்டியை ஏங்க்கா கழட்டறீங்க? குப்புறவே இருக்கட்டுமே!"

"இங்க வயரு இருக்கு, மணி இருக்கு, நான் இருக்கேன். வீட்டுல யாரு இருக்கா? நீ கொறட்டை விடுவே. குப்புறக் கெடக்கற புள்ளைக்குத் தூக்கத்துல மூச்சு நின்னா உனக்குத் தெரியுமா? மல்லாக்கத் தூங்கக் கத்துக்கிட்டாதான் வீடு."

அன்றைக்குத் திரும்பக் குப்புறவே போட்டார்கள். சில நாள் கழித்து மறுபடி மல்லாக்க. இந்தத் தடவை எண் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. பால் குடிக்கும்போதும் இறங்கவில்லை. டாக்டரம்மா சிரித்தார், பிள்ளை வீடு வந்தான்.

வந்த மறுநாளே மச்சினி தன் வேலையைக் காட்டினாள். அக்கா மந்திரம் போட்டது போலவே பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தாள். கடையிலிருந்து சாப்பிட வந்த தகப்பன் பார்த்தார். அள்ளி எடுத்தார். பிள்ளை சிணுங்கினான், மூச்சு நன்றாகவே இருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்து மனைவியைக் காவல் வைத்துவிட்டு, அக்கா வீட்டுக்கு ஓடினார். அதற்குள் எதிர்வீட்டுக்காரியும் தன் கைக்குழந்தையைக் குப்புறப் போட்டு, "மூச்சு பலப்படும்னாங்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா நடுத்தெருவுக்கு வந்து நின்றார். வார்டுக் குரல் இல்லை, ஹாரன்.

"யாருடி மந்திரம்னு சொன்னது? 'குழாயைப் புடி, குழாயைப் புடி'ன்னு கூட இருந்த பொண்ணுகிட்ட சொன்னேன், அதுவா மந்திரம்? போடச் சொன்னது டாக்டரம்மா. காவல் காத்தது மெஷினு. வீட்டுல தூங்கற புள்ளைங்க அத்தனையும் மல்லாக்கத்தான். போங்க, போய்த் திருப்பிப் போடுங்க!"