கழற்றாத பின் சீட்டு

லவெலின் காரில் ஏற வேண்டுமென்றால் முதலில் ஷூவைத் தட்ட வேண்டும். மழை நாளென்றால் தட்டினாலும் ஏற முடியாது. கையில் வறுத்த கோழியோ கூல்டிரிங்ஸோ இருந்தால் கதவையே திறக்க மாட்டான். துறைமுகக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷன். நாற்பத்தொன்பது வயது. நல்லவன் என்றுதான் ஊரில் பெயர். ஆனால் அந்த 1984 கட்லஸ் கார் விஷயத்தில் மட்டும் அவனோடு பேசிப் பிரயோஜனமில்லை. மிட்டாய்ச் சிவப்பு பெயிண்ட், ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிச் சக்கரங்கள், பின் பம்பரில் சாய்த்து மாட்டிய ஐந்தாவது சக்கரம், உள்ளே பால் நிறத்தில் வெல்வெட் சீட்டு. ஹூஸ்டன் தெற்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காத் தெருவில் ஊர்ந்து போகிற கார்களில் அதுவும் ஒன்று. அந்த வெல்வெட்தான் அவனைக் கெடுத்தது.

அவனுக்கு ஆல்டன் என்று ஒரு சிநேகிதன். ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். லவெல் வாங்கிய முதல் ஓட்டைக் காருக்கு ரேடியோ மாட்டிக் கொடுத்தவனே அவன்தான். கார் ஸ்டீரியோ என்றால் அந்த வட்டாரத்தில் ஆல்டனைத்தான் தேடுவார்கள். பாட்டைப் போட்டுவிட்டு டிக்கி மேல் உள்ளங்கையை வைத்தானென்றால் எந்த ஆணி ஆடுகிறது என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவனுக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டு கிட்னியும் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் அக்கா வெர்னீட்டா கூட்டிப் போவாள். சனிக்கிழமை அவளுக்கு முதியோர் இல்லத்தில் டியூட்டி. "சனிக்கிழமைக்கு நான் இருக்கேன்டா, நீ ஏன் கவலப்படுற" என்று லவெல் வாக்குக் கொடுத்தான். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னான்.

இரண்டு சனிக்கிழமை நன்றாகவே போயிற்று. நாலு மணி நேரம் அந்த மிஷினில் கிடந்துவிட்டு வந்தால் ஆல்டனுக்கு உட்காரத் தெம்பிருக்காது. பின் சீட்டில் படுத்துக்கொண்டுதான் வருவான். மூன்றாவது சனிக்கிழமை, ஊசி குத்திய இடத்தில் கட்டு நழுவியது தெரியாமல் தூங்கிவிட்டான். இறங்கும்போது பார்த்தால் வெல்வெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். ஆல்டன் பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றித் துடைக்கப் போனான். விடுடா, சீட்டுதானே என்றான் லவெல். என்ன பெருந்தன்மை! வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீரும் சோப்பும் பிரஷ்ஷுமாக இரண்டு மணி நேரம் தேய்த்தான். தேய்க்கும்போது வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கறை போய்விட்டது. எரிச்சல் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆல்டனுக்குப் போன் செய்தான். காரில் ஸ்டீரியோ முழுவதையும் மாற்றப் போவதாகவும், பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் டிக்கியிலிருந்து உள்ளே வரைக்கும் வரப் போவதால் பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டதாகவும், வேலை முடியக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்றும் சொன்னான். பின் சீட்டை யாரும் தொடவில்லை. ஸ்டீரியோ மாற்றுகிற எண்ணம்கூட அந்த நிமிஷம்வரை அவனுக்குக் கிடையாது. வாய்க்கு வந்த பொய், அவ்வளவுதான். ரத்தம் பட்டது பிடிக்கவில்லையென்று சொல்லியிருந்தால் ஆல்டன் ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து விரித்துப் படுத்திருப்பான். அது லவெலுக்கும் தெரியும்.

ஆல்டன் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. அவன் குஷியாகிவிட்டான். தான் பஸ்ஸில் போய்க்கொள்வதாக ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு, எத்தனை ஸ்பீக்கர், என்ன அளவு, கரண்டு கொடுக்கிற அந்தப் பழைய ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று ஆரம்பித்தான். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து போன் வரும். ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். கதவில் பெரிய ஸ்பீக்கர் வைக்கிறேனென்று தகரத்தை வெட்டிவிடாதே, கம்பெனி போட்ட ஓட்டையே போதும் என்பான். பேட்டரி வயரையும் பாட்டு வயரையும் ஒரே பக்கமாக இழுக்காதே, இஞ்சின் உறுமல் பாட்டுக்குள் வந்துவிடும் என்பான். லவெல் வாசலில், பின் சீட்டோடு குத்துக்கல் மாதிரி அப்படியே நிற்கிற காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆமாம்டா, சரிடா என்பான். ஏழு மாதம் இப்படியே போயிற்று.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காரைக் கழுவிக்கொண்டு வருகையில் சிக்னலில் நிற்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் பஸ் ஸ்டாப். பெஞ்சில் ஆல்டன் உட்கார்ந்திருந்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் வெள்ளைக் கட்டோடு. மேலே கூரை கிடையாது. லவெல் பாட்டை நிறுத்தினான். முகத்தை நேராக வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்தான். பச்சை விழுந்தது, போய்விட்டான். இரண்டு தெரு தாண்டித்தான் பாட்டைத் திரும்பப் போட்டான்.

அவன் பார்த்தானா, பார்க்கவில்லையா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி லவெலை அரித்தது. அடுத்த சனிக்கிழமை போன் வந்தபோது நாலைந்து தடவை அடிக்க விட்டுத்தான் எடுத்தான். ஆல்டன் வழக்கம்போல வயரைப் பற்றித்தான் பேசினான். சரி, பார்க்கவில்லை என்று லவெல் முடிவு கட்டிக்கொண்டான். மிட்டாய்ச் சிவப்பில் ஒரு வண்டி பத்தடி தூரத்தில் நின்றால் எவனுக்குத்தான் தெரியாது? ஆனாலும் அப்படித்தான் முடிவு கட்டிக்கொண்டான், வேறெப்படித் தூங்குவது?

பிப்ரவரியில் ஆல்டன் இறந்துபோனான். சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரில் லவெலும் ஒருவன். சர்ச்சில் எல்லோரையும்விட அதிகம் அழுதவன் அவன்தான் என்று பேச்சு.

அதற்கப்புறம் ஸ்டீரியோ வேலையை நிஜமாகவே ஆரம்பித்தான். இந்தக் கார்களுக்கு டிக்கியில் மோட்டார் உண்டு. பொத்தானை அழுத்தினால் மூடி தானாகத் தூக்கும். உள்ளே ஸ்பீக்கர்கள், மூடியின் உள்பக்கம் வெளிச்ச எழுத்தில் ஒரு வாசகம். சிலர் மற்ற வண்டிக்காரர்களை வம்புக்கு இழுத்து எழுதுவார்கள். சிலர் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரைப் போடுவார்கள். லவெல் போர்டு செய்கிற ஹோமரிடம் போய், 'என் சகோதரன் ஆல்டன்' என்று எழுத்து வெட்டச் சொன்னான். கிடங்கில் சொன்னான், முடிவெட்டுகிற கடையில் சொன்னான். சிநேகிதன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். அது அவனுக்கு இதமாக இருந்தது. நாலு பேர் அப்படிச் சொல்லச் சொல்ல, தான் அப்படித்தான் இருந்தோம் என்றே அவனுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. செத்தவர் பெயரை டிக்கியில் போடுவதென்றால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காமல் போட்டவனைப் பூங்காவில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டதும் வெர்னீட்டா வீட்டுக்குப் போனான். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனான். அவள் எட்டிப் பார்த்தால் பின் சீட்டு தெரியுமே! செத்தவன் பெயரைப் போட அனுமதி கேட்கப் போகிறவன், பொய்யைத் தெருமுனையில் ஒளித்துவைத்துவிட்டுப் போகிறான் பாருங்கள்.

வெர்னீட்டா வெள்ளைச் சர்ச் உடுப்பைக்கூட மாற்றவில்லை. உட்காரச் சொல்லி, சிவப்பு பீன்ஸும் சோறும் தட்டில் வைத்தாள். வண்டி எங்கே என்று கேட்டாள். நடந்துதான் வந்தேன் என்றான். இந்த வெயிலிலா என்று மட்டும் கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் டிக்கி, வெளிச்ச எழுத்து, என்ன வாசகம், எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

டயாலிசிஸ் நோயாளிகள் உப்பு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு சேர்க்கக் கூடாது என்று அச்சடித்த தாள். திருப்பினால் பின்பக்கம் பென்சிலில் ஒரு படம். கட்லஸின் டிக்கியை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, அளவோடு. ஐந்தாவது சக்கரம் வெளியே தொங்குவதால் உள்ளே ஸ்டெப்னிப் பள்ளம் சும்மாதானே கிடக்கிறது, ஆம்ப்ளிஃபையர் இரண்டும் அதற்குள். பேஸ் பெட்டிகள், பின் சக்கரங்களுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிற குழிகளில். வயர் எந்த வழி போக வேண்டும் என்பதற்கு அம்புக்குறி. கோடு அங்கங்கே நடுங்கியிருந்தது, ஊசி போட்ட கையால் பிடித்து வரைந்தது போல. அடியில் கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு தடவை கோடு போட்டிருந்தான்: பின் சீட்டைக் கழற்றத் தேவையில்லை. ஆள் படுக்கலாம்.

லவெலுக்குக் காது சுட்டது. கடைசிவரை நம்பியிருக்கிறானே என்று நினைத்தான். நம்பி, அந்த நாற்காலியில் கிடந்துகொண்டு, என் பொய்க்கு வழி கண்டுபிடித்திருக்கிறானே. தட்டைத் தள்ளி வைத்தான்.

"சீட்ட நான் கழட்டவே இல்ல, மிஸ் வெர்னீட்டா. ஒரு நாளும் கழட்டல. அவன் ரத்தம் பட்டது புடிக்காமத்தான் அந்தப் பொய்யச் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் வெர்னீட்டா. "மூலையில தேதி போட்டிருக்கான் பாரு."

பார்த்தான். அக்டோபர். சிக்னலில் நின்ற நாளுக்கு அடுத்த சனிக்கிழமை.

"அதுக்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாப்புல உன்னப் பாத்திருக்கான். சீட்டையும் பாத்திருக்கான். வீட்டுக்கு வந்து சொன்னான். நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்னு நான் சாவிய எடுத்துட்டேன். கையப் புடிச்சு நிறுத்திட்டான். 'போகாதக்கா. நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அவன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான்'னான். அப்புறம் இத வரஞ்சு, உன்கிட்ட குடுக்கச் சொன்னான்."

லவெல் நிமிரவில்லை. மேஜைக்குக் கீழே போய்ப் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. பார்த்தானா, பார்க்கவில்லையா என்று ஆறு மாதமாக அரித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பார்த்தான். பார்த்துவிட்டு, இவன் மானம் போகக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு, போனில் வயரைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

வெர்னீட்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் குடுக்கல. உன்மேல அவ்வளவு கோவம். குடுத்துட்டேன்னு அவன்கிட்ட பொய் சொல்லிட்டேன். நீ வருவ வருவன்னு ரெண்டு மூணு சனிக்கிழமை, நான் டியூட்டிக்குக் கெளம்பறப்ப, ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தான். அப்புறம் அதப் பத்தி பேசவே இல்ல. அந்தப் பாவம் என் தலையில, உன்னச் சொல்லல."

மன்னிப்புக் கேட்க லவெல் வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள், கேட்க வேண்டியவன் இங்கே இல்லை என்பது போல.

"பேரு போட்டுக்க. டிக்கில பேரு வந்தா அவன் சந்தோஷப்படுவான், அவன் புத்தி அப்படி. ஆனா 'என் சகோதரன்'ங்கறத மட்டும் எடுத்துடு."

சரிங்க என்றான். வேறென்ன சொல்வான்?

ஹோமருக்குத்தான் பொறுக்கவில்லை. வெட்டி, வயர் இழுத்து, பளபளவென்று தயாராக இருந்த எழுத்தை எடு என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? வெறும் பெயரை மட்டும் போட்டால் பார்க்கிறவனுக்கு என்ன புரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினான். லவெல் காரணம் சொல்லவில்லை. ஸ்டீரியோவை அந்தத் தாளில் இருந்தபடியே, ஒரு அம்புக்குறி மாறாமல் செய்தான். தானே செய்தான், யாரையும் கூப்பிடவில்லை. முடித்துப் பாட்டுப் போட்டபோது ஒரு ஆணி ஆடவில்லை. இஞ்சின் உறுமல் துளி இல்லை. ஆல்டன் சொன்னதில் ஒன்றாவது தப்பாக இருக்கக் கூடாதா என்று இருந்தது அவனுக்கு.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் கொண்டு போனான். நல்ல கூட்டம். மாட்டிறைச்சி வாட்டுகிற புகை ஒரு பக்கம், வரிசையாகத் தூக்கிய டிக்கிகள் ஒரு பக்கம். பொத்தானை அழுத்தினான். மூடி மெதுவாக எழுந்தது. 'ஆல்டன்' என்று மட்டும் நீல வெளிச்சத்தில் தெரிந்தது. தெரிந்தவர்கள் வந்து சத்தத்தைப் புகழ்ந்தார்கள். எங்கேடா கத்துக்கிட்ட என்று ஒருவன் கேட்டான். ஆல்டன் வரைந்து வைத்தது என்றான் லவெல். அந்த அளவுக்கு உண்மை சுலபமாகத்தான் இருந்தது.

அப்புறம் வடக்குப் பக்கத்திலிருந்து ப்யூக் வண்டியில் வந்த ஒரு பெரியவர், முன்னே பின்னே பார்த்திராதவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிக்கியைக் குனிந்து பார்த்தார். எழுத்தைப் படித்தார்.

"ஆல்டன்ங்கறது யாருப்பா? உனக்கு என்ன வேணும்?"

சகோதரன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெர்னீட்டா அங்கே இல்லை. அந்தப் பெரியவருக்கு எதுவும் தெரியப் போவதுமில்லை. சிநேகிதன் என்றாவது சொல்லலாமா என்று பார்த்தான். அதுவும் வரவில்லை.

"டயாலிசிஸுக்கு என் வண்டில கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேங்க" என்றான். "கூட்டிட்டுப் போகல. பஸ்ல போனான்."

பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பரவாயில்லப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று லவெல் நின்றான், வெட்கங்கெட்டவன். அவர் சொல்லவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார். வெளிச்சம் போகும்வரை டிக்கியை மூடுகிற வழக்கம் அங்கே இல்லை. அதற்குள் இன்னும் ஐந்து பேர் வந்து அதையே கேட்டார்கள். ஐந்து பேரிடமும் அதையே சொன்னான்.