கவுன்ட்டர் கழுத்து

நகைக்கடையில் அவளுக்கு வேலை, நெக்லஸைத் தன் கழுத்தில் மாட்டிக் காட்டுவது. இரு கையையும் பின்னால் கொண்டுபோய், கண்ணை மூடித் திறப்பதற்குள் கொக்கியைப் போட்டுவிடுவாள். முதலாளிக்கு அவள் முகம் ஞாபகமிருக்குமா என்பது சந்தேகம். கழுத்து மட்டும் அத்துப்படி.

எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அவரிடம் சொன்னாள். "வேலை செய்ய சோம்பல் பட்டா அப்படித்தான்" என்றார், நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத அந்த மகானுபாவர். கட்டிய புருஷன் அதற்கு மேல் மேதாவி. கால்சியம் மாத்திரை வாங்கிவந்து வேளை தவறாமல் விழுங்க வைத்தான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கழுத்துக்குள் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று வீங்கி, எலும்பிலிருந்த கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"கழுத்து மடிப்புல சின்னக் கோடு போட்டு எடுத்துடலாம்மா, சீக்கிரம் ஆறிடும். இல்லேன்னா அக்குள் வழியா ரோபோ கையை விட்டு எடுக்கலாம். கழுத்துல தழும்பு இருக்காது. ஆனா தோளெல்லாம் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கும்" என்றார் டாக்டர்.

"கோடு விழுந்த கழுத்துக்கு என் கடையில என்னம்மா வேலை?" என்றார் முதலாளி. வேலை போனால் அடுப்பு எரியாது. புருஷனின் மேதாவித்தனத்தையா உலையில் போடுவது? அக்குள் வழியையே கேட்டு வாங்கினாள். "மிஷினே அறுக்கும்போது டாக்டர் எதுக்கு?" என்று முதலாளி வேறு சிரித்தார். அந்தக் கைகளை உட்கார்ந்து ஆட்டுவிப்பதே டாக்டர்தான் என்று அவருக்கு யார் புரியவைப்பது?

சுரப்பி போனது, எலும்பு வலியும் விட்டது. கடைக்குத் திரும்பியவளை உடம்பு எப்படி என்று ஒப்புக்குக்கூட அவர் கேட்கவில்லை. விளக்கடியில் நிறுத்திக் கழுத்தைப் பார்த்தார். "பளிச்சுனு இருக்கு!" என்று பல்லைக் காட்டி, வழக்கமாக வாங்க வரும் ஒரு அம்மாள் முன்னால் அவளிடம் நெக்லஸை நீட்டினார்.

வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கொக்கி பின்கழுத்தில் இருக்கிறது என்பது அந்தப் பெரிய மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. தனக்கும் அப்போதுதான் உறைத்தது என்பதில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"பொம்மைக் கழுத்தைக் கொண்டாங்கப்பா!" என்று கத்தினார் முதலாளி. "நீ வீட்டுக்குப் போ. அப்புறம் பார்க்கலாம்."

அவள் நகரவில்லை. இடது கையால் கண்ணாடியை எடுத்து அந்த அம்மாள் முன் பிடித்தாள். "நீங்களே போட்டுப் பாருங்கம்மா."

அந்த அம்மாள் மாட்டினாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "இதையே எடுத்துக்கறேன். போடப் போறது நான், இத்தனை நாளா இவ கழுத்துல மாட்டி எதுக்குக் காட்டுனீங்க?"

"அதானே!" என்றார் முதலாளி, வெட்கமே இல்லாமல். "நாளையிலேருந்து நீ கண்ணாடியையே பிடி."

யாருக்கும் தேவைப்படாத கழுத்துக்காக அக்குளைக் கிழித்துக்கொண்டோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியை ஆடாமல் பிடித்திருந்தாள்.