டிரம்முக்கு அடியில் கல்

மலைக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், உலகத்தில் எண்ணெய் எப்போது குறையத் தொடங்கும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. கேட்டவர் பக்கத்து வீட்டு அம்மாள். நாற்பதைத் தாண்டியவர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் டீசல் இன்ஜினில் ஓடும் சாமை மெஷின் வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் சாமையை மூட்டையாகக் கொண்டுவந்து அரிசியாக்கிப் போவார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த இன்ஜினால்தான். அவருக்கு என்மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனால் எனக்குக் காகிதம் படிக்கத் தெரியலாம் என்ற சந்தேகம் இருந்தது.

செங்கத்திலிருந்து பைக்கில் வந்த ஒரு ஏஜெண்ட் கொடுத்துவிட்டுப் போன காகிதம் அது. பழைய இன்ஜினை ஒப்படைத்தால் வெயிலில் ஓடும் சாமை மெஷின் இலவசம். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம். ஒரு கோடு ஏறி, வளைந்து, இறங்கியது. உச்சியில் சிவப்பு மையில் ஒரு வருடம்.

"இந்தக் கோடு இன்னா சார்? நம்ம மலையாட்டம் கீது."

"பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெய் வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகும். ஒரு நாள் உச்சிக்கு வந்துடும். அப்புறம் குறைஞ்சுக்கிட்டே போகும்னு சொல்றாங்கம்மா."

"அந்த வருஷம் நெசமா?"

"பாத்துச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க வர்றேன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. இன்ஜினக் குடுக்கறதா வாணாமா, அத்தச் சொல்லுங்க போதும்."

முன்கூட்டிச் சொல்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. மகசூலைக் கணிக்கும் அலுவலகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். முறை அருமையானது. எந்த வயலை அளப்பது என்பதைக் குலுக்கல் போல அமைந்த எண்களின் பட்டியல் தீர்மானிக்கும், அதிகாரியின் சௌகரியம் அல்ல. முளை அடித்து, கயிறு கட்டி, கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் அறுத்து, எடை போட்டு, காயவைத்து, மறுபடி எடை போட வேண்டும். விதிகளை இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன். விதிகளில் இல்லாத ஒன்றும் எனக்குத் தெரியும். பட்டியல் இந்த மலையின் சாமைக் கொல்லையைக் காட்டினால், மலை ஏறாமல் கீழே கலசப்பாக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து சென்ற ஆண்டின் எண்ணை எடுத்து, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடலாம். மேலே இருப்பவர்கள் அதை மாநிலக் கணக்கில் சேர்த்துத் தசமப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். தசமப் புள்ளி விழுந்த எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அதனால் எண்ணெய் அறிக்கைகளை நான் வேறு கண்ணோடு படித்தேன். எங்கள் ஊரில் போனுக்கு சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் மேல்படியில் மட்டும். நான்கு நாள் காலையில் அங்கே உட்கார்ந்தேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், பெரியவருக்கு இந்த வயதில் யாரோடு பேச்சு என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

முதல் நாளே அறிக்கையில் ஒரு பழைய நண்பனைச் சந்தித்தேன். சில நாடுகள் தங்கள் மண்ணுக்கடியில் இவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அறிவித்திருந்தன. வருடம் முழுக்க இறைத்து விற்ற பிறகும் அடுத்த வருடம் அதே எண். அதற்கடுத்த வருடமும் அதே. புதிதாகக் கண்டுபிடித்தது எடுத்ததற்குச் சரியாகிவிட்டது என்றார்கள். இப்படிச் சரியாவதை நான் அறிவேன். அந்த எண்ணை எழுதியவர் எந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

எதிர்க்கட்சியையும் விடவில்லை. உச்சி இதோ வந்துவிட்டது என்றவர்கள் அது வராதபோது வருடத்தைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அதுவும் கடந்ததும் இன்னொரு தள்ளல். சிலர் இப்போது, எண்ணெய் குறைய வேண்டியதில்லை, வாங்குவதற்கான ஆசைதான் முதலில் குறையும் என்கிறார்கள். விற்பவன், வாங்குபவன், மாற்று விற்பவன் என மூவருக்கும் மூன்று கோடுகள். கோட்டுக்குக் கீழே எழுதியிருப்பதைவிட, கோட்டுக்கு யார் செலவு செய்தார்கள் என்பதைத் தேடுவது என் வழக்கம். அது எங்கும் எழுதியிருக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாளிடம் போய், இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மேலும் ஆராய வேண்டியிருக்கிறது என்றேன். சர்வீஸில் அந்த வாக்கியம் என்னைக் கைவிட்டதே இல்லை.

"நாலு நாளு தொட்டி மேல குந்திக்கினு இதத்தான் கண்டுபுடிச்சீங்களா?" என்றார். பிறகு, "உள்ள வாங்க" என்று கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

மேடையில் டீசல் டிரம் நின்றது. கீழ்ப்பகுதியில் குழாய். டிரம்முக்குப் பின்னால் அடியில் ஒரு தட்டைக் கல் சொருகியிருந்ததால் அது முன்பக்கம் சாய்ந்திருந்தது.

"கல்லு எதுக்கும்மா?"

"டீசலு கொழாய்க்கு எட்டாமப் பூடுச்சி. சாச்சாதான் வரும். இதுல தீந்துடல சார், கீது. ஆனா கசடும் சேந்து வருது. பில்டரு அடைக்குது, இன்ஜினு இருமுது. ஒரு மூட்டை ஓட்டறதுக்குள்ள நாலு வாட்டி கழட்டிக் கழுவணும்." இன்னொரு கல்லைக் காலால் தள்ளிக் காட்டினார். "அடுத்த வாரம் இதையும் வெப்பேன்."

"புதுசா வாங்கலாமே?"

"ஒடுகத்தூர் பெட்ரோல் பங்க்ல இல்லாமயா? கேனை பஸ்ஸுல ஏத்த மாட்றான். மளிகை வண்டிக்காரன் மனசு வெக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க படிச்சதுல, ஒலகத்து டிரம்முக்குக் கல்லு வெச்சாச்சா இல்லியா, அத்த எவனாச்சும் எழுதிக்கிறானா?"

எழுதியிருந்தார்கள். ஆழ்கடலில் துளை போடுவதையும், பாறையை உடைத்து எண்ணெய் எடுப்பதையும், மணலை வேகவைத்துப் பிரிப்பதையும் சாதனை என்ற தலைப்பில் படித்திருந்தேன். கல் என்ற தலைப்பில் படித்திருக்கவில்லை.

"வெச்சாச்சும்மா. எத்தனை கல் பாக்கின்னு தெரியல."

"அப்ப அந்தக் கோடு பொய்யில்ல."

"கோடு பொய்யில்ல. வருஷம் பொய்."

அவர் இன்ஜினைப் பார்த்தார். அதைக் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: உலகத்தைப் படித்தேன், ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பழைய இன்ஜினைக் கையெழுத்திட்ட அன்றே ஒப்படைக்க வேண்டும். புதிய மெஷினைப் பொருத்தும் நாள் பின்னர் தெரிவிக்கப்படும். 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். அவர்களில் பலர் இன்னும் காத்திருக்கலாம்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் ஏஜெண்ட் வந்தார். கையில் பேனா, பின்னால் இன்ஜினை ஏற்ற ஒரு மினி லாரி.

"அக்கா, சாரே படிச்சிட்டாராம். இன்னும் இன்னா யோசனை?"

"கையெழுத்துப் போடறேன் தம்பி. மெஷினு என்னிக்கு வரும்?"

"சீக்கிரம் வந்துடும்க்கா."

"தேதி எழுது. அந்தத் தேதியில இன்ஜினத் தூக்கிக்கினு போ."

"தேதியெல்லாம் நம்ம கையில இல்லக்கா. மேல தான் போடுவாங்க."

"ஒலகத்துல எண்ணெ எந்த வருஷம் எறங்கும்னு செவப்பு மையில எழுதிக்கிற. ஒங்க வண்டி என்னிக்கு மல ஏறும்னு எழுத முடியாதா?"

மினி லாரிக்காரர் சிரித்துவிட்டார். ஏஜெண்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார். பல அலுவலகங்களில் பல பேர் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். லாரி காலியாகத் திரும்பியது.

ஒரு மாதம் கழித்து, ஓடை தாண்டியிருக்கும் ஊரில் அதே சோலார் மெஷின் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மாளிடம் வழக்கமாக வருபவர்களில் சிலர் மூட்டையோடு அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். என் சந்தேகம் அவருடைய பிழைப்பில் கை வைத்துவிட்டதோ என்று எனக்குத் தூக்கம் கெட்டது. அவரிடம் சொன்னபோது, "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். "தொட்டி மேல குந்திக்கினு இல்ல. நடந்து போய்ட்டு."

போனேன். இந்த மலையில் ஒன்றை நேரில் பார்த்துச் சொல்ல நான் நடந்தது அதுவே முதல் முறை. இரண்டு மணி நேரம், முழங்கால் வலி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், கிடைக்கவில்லை. புகை இல்லை, இருமல் இல்லை, சாமை அரிசி சுத்தமாக விழுந்தது. திரும்பி வந்து அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அம்மாள் பில்டரைக் கழுவிக்கொண்டே கேட்டார். டிரம்முக்கு அடியில் இப்போது இரண்டு கற்கள்.

"அவங்க பழைய இன்ஜினு?"

"அன்னிக்கே ஏத்திட்டுப் போயிட்டாங்களாம். மெஷின் வர்ற வரைக்கும் மூணு வாரம் சும்மா இருந்திருக்காங்க."

"நீங்க போனப்ப வெயிலா?"

"நல்ல வெயில்."

"மூடுபனியில ஓடுதா?"

"அது பாக்கலையே."

பில்டரை உதறி மாட்டினார். "அப்ப மழைல ஒருக்கா போய்ட்டு வாங்க சார். ஓடிச்சின்னா, அந்தத் தம்பிய நானே போன் போட்டுக் கூப்புட்டு, தேதி எழுதச் சொல்றேன்."