ஸ்வெட்டர் போடுகிற வேலை

கோலாலம்பூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் பெண்களை நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஏசிக் குளிருக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் அவர்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். டேட்டா என்ட்ரி ஆப்பரேட்டர் என்று அந்த வேலைக்குப் பெயர். ஸ்வெட்டர் கம்பெனியே கொடுப்பது. எனக்கு அந்த வேலை வேண்டும், அந்த ஸ்வெட்டரும் வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். படிப்பு முடிந்து நான் வீட்டில் சும்மா இருக்க ஆரம்பித்ததும் அம்மா ஜாதகத்தைத் தூசி தட்டி எடுத்துவிட்டார். அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாக்கு வாங்கினேன். நல்ல கம்பெனியில் வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். கிடைக்காவிட்டால் வருகிற தை மாதம் யார் வந்தாலும் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும்.

அப்பாவே எனக்குப் பயிற்சி கொடுத்தார். வேலை முடிந்து வந்து, கைலிக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேள்வி கேட்பார். நான் பதில் சொல்ல வேண்டும். “சிரி, சிரி. எதைக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே சொல்லு. மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டா எவன் வேலை கொடுப்பான்?” என்பார். எனக்கு இயல்பிலேயே மூஞ்சி தூக்கியபடிதான் இருக்கும். அதையும் மாற்றிக்கொண்டேன்.

வரவேற்பறையில் எனக்குப் பக்கத்தில் காப்பார் என்ற தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விடியும் முன்பே பஸ் ஏறியிருக்கிறாள். தலையில் எண்ணெய் வழிய, கைக்குட்டையில் திருநீறு முடிந்து வைத்திருந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள் என்று தெரிந்ததும் அக்கா போட ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, உள்ள இன்டர்வியூ பண்றவரு தமிழராம்க்கா. நம்ம ஆளு. பயப்படாதீங்க லா.”

நம்ம ஆளு! இந்த நாட்டில் நாங்கள் எந்தக் கவுண்டர் முன்னால் போய் நின்றாலும் முதலில் அதைத்தான் தேடுவோம். கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. எனக்கும் அன்றைக்கு அந்த நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

டைப்பிங் டெஸ்டையும் கணக்கு டெஸ்டையும் ஒரு சீன மேடம் நடத்தினார். இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகுதான் அந்தத் தமிழரின் அறை. நல்ல உயரம், நல்ல டை, மேசையில் கம்பெனிப் பெயர் பொறித்த பேனா. இங்கிலீஷில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“அப்பா எங்க வேலை?”

சொன்னேன்.

“ஊர்ல எந்தப் பக்கம்?”

தாத்தா கப்பலேறிய ஊரைச் சொன்னேன்.

“நீங்க என்ன ஆளுங்க?”

எங்கள் ஆட்களிடையே இதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்து நட்சத்திரம் கேட்டார். கம்ப்யூட்டர் விலை உயர்ந்த பொருளாயிற்றே, தொடுகிறவள் ராசிக்காரியா என்று பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒரு மக்கு நான். சமைக்கத் தெரியுமா என்றார். ஓவர்டைமுக்கு நேரம் இருக்குமா என்று பார்க்கிறார்! மூலையில் இருந்த ஃபைலை எடுத்து வரச் சொன்னார். போய் எடுத்து வந்தேன். நடையைப் பார்த்தார். சுறுசுறுப்பைச் சோதிக்கிறார்! எல்லாவற்றுக்கும் அப்பா சொல்லிக்கொடுத்த சிரிப்பு.

“வெரி குட். வீட்ல சந்தோஷமான சேதி வரும், போ” என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அன்றைக்கே அம்மா கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். ஆனால் தபாலில் வந்தது வருந்துகிறோம் என்று ஆரம்பிக்கும் கடிதம். திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் எங்கே பிசகினேன் என்றுதான் தேடினேன். ஃபைலை எடுக்கும்போது குனிந்தது சரியில்லையோ என்றுகூட யோசித்தேன்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. குவார்ட்டர்ஸ் முழுக்கக் கதவைத் திறந்து பார்த்தது. டை கட்டிய மனிதர் டை இல்லாமல் இறங்கினார். பின்னால் அவர் மனைவி பழத்தட்டோடு, அதற்கும் பின்னால் அவர் மூத்த மகன். அப்பா பதறிப்போய்ச் சட்டையைத் தேடினார். எனக்கு மட்டும் ஒரு கணம், ஏதோ தவறு நடந்துவிட்டது, வேலையைக் கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார் என்று தோன்றியது.

அவர் உட்கார்ந்தார், காலை நீட்டினார், சொல்லத் தொடங்கினார்.

“உங்க மகதாங்க டெஸ்ட்ல முதல். எவ்வளவோ பேரப் பார்த்துட்டேன், இப்படி ஒரு பொண்ணு வரல. நட்சத்திரமும் பொருந்துது. என் மருமகளா வரப்போறவ நான் இருக்கிற ஆபீஸ்லயே கூலிக்கு டைப் அடிச்சா நல்லாவா இருக்கும்? அதான் நானே அவ பேரை வெட்டிட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் மனைவி சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தக் கார்க்காரர் செய்ததைவிட அப்பாவின் அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. என்னை உட்கார வைத்து இன்டர்வியூவுக்குத் தயார் செய்த மனிதர், நான் முதலாவதாக வந்தும் என் பேரை வெட்டிவிட்டதாக ஒருவன் வந்து சொல்கிறான், அவனோடு சேர்ந்து சிரிக்கிறார்.

“அந்த வேலை இன்னும் இருக்கா அங்கிள்?” என்றேன்.

“அதெல்லாம் அடுத்த பொண்ணுக்குக் கொடுத்தாச்சும்மா. உனக்கு எதுக்கு இனிமே வேலை?”

காப்பித் தட்டைக் கீழே வைத்தேன். மாப்பிள்ளைக்கு எதிரே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“உங்களுக்கு என்ன நட்சத்திரம்?”

அவன் தன் அப்பாவைப் பார்த்தான். எல்லோரும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

“சமைக்கத் தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினான்.

“பரவால்ல. எழுந்து அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க.”

அந்த மண்டு எழுந்து நடந்தான்! கதவுவரை போய், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல், கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“தேங்க் யூ. லெட்டர் போடுவோம்,” என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா என்னை ஓங்கி அறைந்தார். அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னை அடித்ததில்லை. அந்த மனிதர் கோபப்படவே இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“புத்திசாலிப் பொண்ணு. வாய்தான் அதிகம். இனிமே எந்த ஆபீஸுக்குப் போனாலும் சொல்லும்மா, அங்கெல்லாம் எனக்கு ஆளுங்க இருக்காங்க,” என்றார். பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர் யாரிடம் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. ஒன்றுமே சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எழுதிப்போட்ட எந்த ஆபீஸும் என்னைக் கூப்பிடவில்லை. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். குவார்ட்டர்ஸ் பெண்கள் குழாயடியில் என்னைப் பார்த்தால், “நடந்து காட்டட்டுமா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போடும் வேலை கிடைத்தது. கூரையில் ஒரு மின்விசிறி. அதுவும் முதலாளி தலைக்கு மேலே.

அங்கே ஒருநாள் அவர்கள் வந்தார்கள், முகூர்த்தப் புடவை எடுக்க. அவர், அவர் மனைவி, கல்யாணப்பெண். அவர் என்னைப் பார்த்ததும், “அட, இங்கதான் இருக்கியா? நல்லது, நல்லது,” என்றார், உண்மையிலேயே மகிழ்ச்சியோடு. கல்யாணப்பெண்ணை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். காப்பார்ப் பெண்.

மாமியாரும் மாமனாரும் ஜரிகையைப் பிரித்துப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கம் குனிந்தாள்.

“டெஸ்ட்ல நீங்க முதலாம், நான் ரெண்டாவதாம்க்கா. வேலை கொடுத்தாரு. கொஞ்ச மாசத்துல வீட்டுக்கு வந்து பொண்ணு கேட்டாரு. மாட்டேன்னா வேலை போயிடும்னு பயந்து சரின்னுட்டேன்.” மாமியார் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “இப்ப வேலைய விடச் சொல்லிட்டாரு.”

என்னுள் அவள்மேல் இரக்கம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. எனக்கு ஒன்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“வேலை எப்படி இருக்கும்?” என்றேன்.

அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. “ரொம்பக் குளிரும்க்கா. முதல் நாள் விரல் விறைச்சுப்போகும். அப்புறம் பழகிடும். யாரும் நம்மகிட்ட வந்து எதுவும் கேக்கமாட்டாங்க. அவங்கவங்க பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கலாம்,” என்றாள். சொல்லும்போதே அவள் விரல்கள் விரித்துப் போட்டிருந்த பட்டுப்புடவைமேல் டைப் அடித்துக்கொண்டிருந்தன. நல்ல வேகம். என்னளவுக்கு இல்லை.

“ஸ்வெட்டர்?”

“திருப்பிக் கொடுத்துட்டேன்க்கா. என் சீட்டுக்கு மூணாவதா வந்த பொண்ணை எடுத்திருக்காங்க. அவளுக்கு என் ஸ்வெட்டர் சரியா இருந்துச்சு.”

புடவையை மடித்துக்கொண்டே கேட்டேன். “அவளும் நம்ம ஆளுங்களா?”

“ஆமாக்கா.”

“உன் கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லக்கா, இப்பத்தான் படிச்சு முடிச்சு…” என்றவள் பாதியில் நிறுத்தினாள். புடவைமேல் அவள் விரல்கள் நின்றன.

அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார், இந்த அரக்குக் கலரில் இன்னொன்று இருக்கிறதா, இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்து வைத்துவிடலாம் என்று.