அத்தையின் காது மிஷினும் ஞாயிற்றுக்கிழமைப் படமும்

என் மாமியாருக்குக் காது மந்தமாகி நாலைந்து வருடம் ஆகிறது. எனக்கோ பிறவியிலேயே சின்னக் குரல். "சோறு போடட்டுங்களா, அத்தே?" என்று கேட்பதற்குக்கூடக் கத்த வேண்டியிருந்தது. நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து, பக்கத்து வீட்டு அக்கா இரண்டு முறை சமாதானம் பேச வந்துவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால், என் வீட்டுக்காரர் அத்தையை இண்டூரில் பஸ் ஏற்றி, தருமபுரிக்குக் கூட்டிப்போய்க் காது மிஷின் மாட்டிக் கூட்டிவந்த அன்றைக்கு, அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

அந்த வார ஞாயிறு மத்தியானம் டிவியில் ஒரு படம் போட்டார்கள். கதாநாயகன் பெண் பார்க்கப் போனான். உடனே விளம்பரம்: சோப்பு, சமையல் எண்ணெய், மறுபடி அதே சோப்பு. படம் திரும்பி வந்தபோது அவன் குழந்தைக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணாலம் எப்பம்மா ஆச்சு?" என்றார் அத்தை.

"டிவிக்காரங்க படத்த வெட்டிட்டாங்க, அத்தே."

அதையாவது பொறுத்துக்கொண்டார். பிறகு கதாநாயகன் கோபத்தோடு வில்லனைப் பார்த்து வாயைத் திறந்தான். சத்தம் நின்றது. வாய் மட்டும் அசைந்தது. அத்தை மிஷினைத் தட்டிப் பார்த்தார். அடுத்த சண்டையிலும் அப்படியே. நாலாவது தடவை கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது ஆவாதும்மா. எவனாச்சும் கோவமா பேசுனா நின்னு போவுது. நாளைக்கே திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லு உன் வூட்டுக்காரன."

மறுபடியும் கத்துவதை நினைத்தபோதே எனக்குத் தொண்டை வறண்டது. மிஷினை வாங்கி அவர் காதில் நானே மாட்டினேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. கெட்ட வார்த்தை வந்தா டிவிக்காரங்களே சத்தத்த நிறுத்திடறாங்க."

"ஆள வெட்டறத காட்டறான், வையறத வுட மாட்டானா? யாருகிட்ட கத வுடற?"

அந்த நியாயம் எனக்கும் இதுவரை விளங்கவில்லை.

"அப்டி என்னா வார்த்த? சொல்லு, பாக்கலாம்."

அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவள் நான். வார்த்தை தெரியும். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அத்தை எதிரில் காலை நீட்டி உட்கார்ந்ததுகூட இல்லை.

"வேணாங்க, அத்தே."

"அப்ப மிஷினு கெட்டுப்போச்சுன்னு ஒத்துக்க." அவர் கை காதுக்குப் போனது.

வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் சின்னக் குரலிலேயே சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். அந்த விஷயத்தில் நானும் டிவிக்காரர்களும் ஒன்றுதான்.

 அத்தை வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதுக்கா நிறுத்துனானுங்க? மாடு மொரண்டு புடிச்சா உம் மாமனாரு காலையிலயே பத்து வாட்டி சொல்லுவாரே!"

மிஷின் காதிலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் படத்தில் சத்தம் நின்றால் அத்தை என் பக்கம் திரும்புகிறார். மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாவிட்டால், அந்த இடத்துக்குப் பொருத்தமாக அவரே ஒன்றைச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.